சுவரலுமாரியும் விளிம்புச் சட்டமும்

அலுமாரி என்பது தமிழ்ச் சொல்லன்று. 1505 ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் நம் நாட்டில் விட்டுச்சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. மேசை, யன்னல், சாவி என்பனவும் அவ்வழி வந்தவையே. சொல் பிறமொழிக்குரியதாயினும், பொருள் நம் வீட்டுக்குரியதாகி நெடுங்காலமாயிற்று. பெட்டகத்திலும் மாடத்திலும் பரணிலும் உடைமைகளைப் பேணிவந்த நம் முன்னோர், கல்வீடு கட்டத் தொடங்கியபோது தடித்த சுவரினுள்ளே குழிவு விட்டு, அதற்குள் தட்டுகளைப் பொருத்தி, கதவும் பூட்டும் இட்டனர். அதுவே சுவரலுமாரி. காணி உறுதியும், பிறப்புச் சான்றிதழும், கூறைச் சேலையும், பிள்ளைகளின் புத்தகங்களும் அங்கேதான் இருந்தன. இன்று புதிதாக வீடு கட்டுவோரும் பழைய வீட்டைத் திருத்துவோரும் அறைதோறும் அத்தகைய அலுமாரியை விரும்புகின்றனர். நிலத்தில் இடம் பிடிக்காது, நகர்த்த வேண்டியதில்லை, சுவரின் நிறத்தோடு ஒத்த வர்ணம் பூசிவிட்டால் கண்ணுக்கும் அமைதியாக இருக்கும்.

நேயர்களே, இத்தகைய அலுமாரி ஒன்றைச் செய்விக்கும்போது வீட்டுக்காரர் மிகுதியாகச் சிந்திப்பது கதவைப் பற்றியும் பூட்டைப் பற்றியுமே. தட்டின் முன்விளிம்பிலும், சுவரும் மரமும் சந்திக்கும் ஓரத்திலும் அறையப்படும் ஒடுங்கிய சட்டத்தைப் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலர். ஓடாவிமார் அதனைப் பீடிங் என்பர். விளிம்புச் சட்டம் என்று நாம் சொல்லலாம். எஞ்சிக் கிடக்கும் துண்டுகளைக் கொண்டு கடைசி நாளில் செய்யப்படும் வேலையாகவே அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆயினும் அலுமாரி பத்தாண்டு கழித்து எவ்வாறு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் அந்தச் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அச்சட்டம் மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, பலகையின் வெட்டுமுகத்தை மூடுகிறது. எந்தப் பலகைக்கும் வெட்டுமுகமே பலவீனமான இடம். ஈரம் புகுவதும், சில்லு பெயர்வதும், கறையானும் உளுப்பூச்சியும் வழி தேடுவதும் அங்கேயே. இரண்டாவது, தட்டுக்கு முதுகெலும்பாய் நின்று அது தொய்யாமல் தாங்குகிறது. மூன்றாவது, நேரில்லாத சுவருக்கும் நேரான மரத்துக்கும் இடையே விழும் இடைவெளியை மறைக்கிறது. இம்மூன்றையும் செய்து, அதன்மேல் வர்ணத்தையும் பிடித்து வைத்திருக்க வல்ல பொருள் எது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். மெருகிட்டு மரத்தின் அழகைக் காட்டும் அலுமாரிக்கும், வர்ணம் பூசி மரத்தை மறைக்கும் அலுமாரிக்கும் வேண்டிய குணங்கள் வெவ்வேறு. மெருகிடும் மரத்தில் ரேகையும் நிறமும் விலை பெறும். வர்ணத்தின் கீழே அவற்றுக்கு விலையில்லை. அங்கே வேண்டுவன, நேராக நிற்றல், நன்கு உலர்ந்திருத்தல், வழுவழுப்பாகச் சீவப்படுதல், பூச்சிகளுக்கு இடங்கொடாமை, தன்னுள் இருக்கும் எண்ணெயையோ சாயத்தையோ வெளியே கசியவிடாமை, கைபட்டாலும் கால்பட்டாலும் நசுங்காமை ஆகியனவே.

இவ்வேறுபாட்டை உணராதவர்கள் முதிரையை நாடுகின்றனர். முதிரை நம் உலர்வலயக் காடுகளின் பெருமை. வன்னியிலும் கிழக்கிலும் மெல்ல மெல்ல வளர்ந்து, தலைமுறைகள் கடந்து வைரம் ஏறும் மரம் அது. பட்டுப்போன்ற அதன் பளபளப்பே அதற்கு ஆங்கிலத்தில் பெயரைத் தந்தது. அப்பளபளப்பின்மீது வெள்ளை வர்ணத்தைப் பூசி மறைப்பது, பட்டுச்சேலைமேல் சாக்கைப் போர்த்துவதற்கு ஒப்பாகும். அன்றியும், மிக வன்மையான மரமாதலால், மெல்லிய சட்டமாக அறுத்த முதிரையில் துளையிடாமல் ஆணி அறைந்தால் ஆணி வளையும், அல்லது சட்டம் பிளக்கும். காட்டு மரத்தை அனுமதியின்றி வெட்டுவதும் ஏற்றிச் செல்வதும் குற்றம் என்பதையும் மறத்தலாகாது. விலை மலிவாக, பத்திரமின்றி வரும் முதிரை எங்கிருந்து வந்தது என்று கேட்கும் கடமை வாங்குவோருக்கும் உண்டு.

அப்படியானால் எதைத் தேர்வது? வடக்கிலும் கிழக்கிலும் முதலில் நினைவுக்கு வரவேண்டியது வேம்பு. வீட்டு வளவிலேயே வளர்வது, வைரப்பகுதி செந்நிறமானது, கசப்பினால் கறையானும் பூச்சியும் எளிதில் அண்டாதது. அதன் ரேகை பின்னிப் பின்னி ஓடுவதால் உயர்ந்த மெருகு ஏறாது என்று தளபாடக்காரர் குறை சொல்வதுண்டு. வர்ணம் பூசும் வேலைக்கு அக்குறை குறையேயன்று. சீவுளியைக் கூராகத் தீட்டி, மெல்லிதாகச் சீவினால் போதும். வெளிறு கலவாத, வைரத்தில் அறுத்த சட்டமாகக் கேட்டு வாங்குதல் வேண்டும்; ஏனெனில் எந்த மரத்திலும் பூச்சி முதலில் உண்பது வெளிறையே.

பலா மரமும் நன்று. உறுதி உடையது, கறையானை எதிர்ப்பது, சீவுவதற்கு இணங்குவது. ஆயினும் அதனுள் மஞ்சட் சாயம் உண்டு. பிக்குகளின் சீவர ஆடைக்கு நிறமூட்டப் பலாமரத்தின் வைரம் பயன்பட்டு வந்தது பலரும் அறிந்ததே. நீர் கலந்த வெள்ளை வர்ணத்தை நேரே பூசினால் அச்சாயம் மேலே கசிந்து மஞ்சட் கறையாகத் தெரியக்கூடும். அரக்கை மதுசாரத்தில் கரைத்த பூச்சினை முதலில் இட்டு அடைத்துவிட்டால் அத்தொல்லை நீங்கும். மகோகனியின் செஞ்சாயத்துக்கும் இதுவே மருந்து. பலாவை வெட்டுவதற்கு 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி பெறவேண்டும் என்பதையும் வளவில் மரம் வைத்திருப்போர் நினைவிற் கொள்க.

தேக்கு நிலைத்து நிற்கும் மரம். ஈரத்தால் மிகக் குறைவாகவே அசைவது. அதன் குணத்துக்குக் காரணமான எண்ணெய்ப் பசையே வர்ணத்துக்குப் பகையாகிறது. வர்ணம் பூசுவதற்குச் சற்று முன் கற்பூரத் தைலத்தால் நன்கு துடைத்தால்தான் பூச்சு பற்றிக்கொள்ளும். எனினும் வர்ணத்தின் கீழே மறைவதற்குத் தேக்கு வாங்குவது கைப்பணத்தை வீணாக்குவதேயாம். பழைய கதவு, யன்னல் நிலைகளிலிருந்து கழற்றிய தேக்குத் துண்டுகள் வீட்டில் இருந்தால் அவற்றைச் சீவிப் பயன்படுத்துவது வேறு, அது சிக்கனம்.

இக்காலத்தில் மரக்காலைகளில் மலிவாகவும் நேராகவும் கிடைப்பது இறப்பர் மரம். 1876 ஆம் ஆண்டில் ஹெனரத்கொடத் தாவரவியற் தோட்டத்துக்கு வந்த நாற்றுகளின் வழியில் நம் நாட்டில் பரவிய மரம் அது. ஏறத்தாழ 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்தபின் வெட்டப்படுவதால் காட்டுக்கு அதனால் கேடில்லை. வெளிர் நிறமும் சீரான ரேகையும் உடையது. வர்ணத்தை நன்றாக ஏற்பது. அதன் பெருங்குறை ஒன்றே. பச்சையாக விட்டால் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலமாகும். உளுப்பூச்சி துளைத்து மாவாக்கும். ஆதலால் அறுத்தவுடனே போரன் உப்புக் கரைசலை அழுத்தத்தால் உட்செலுத்திப் பதப்படுத்துவர். பதப்படுத்திய இறப்பர் மரம் வீட்டினுள்ளே, ஈரம் படாத இடத்தில் நெடுங்காலம் உழைக்கும். நீர்படும் இடத்தில் அவ்வுப்புக் கரைந்து வெளியேறிவிடும். ஆகவே குளியலறைச் சுவரோடு ஒட்டிய அலுமாரிக்கு அது ஏற்றதன்று. விற்பவரிடம் பதப்படுத்தியதா என்று கேட்பதோடு நில்லாமல், பற்றுச்சீட்டில் எழுதித் தருமாறும் கேட்பது அறிவுடைமை.

பைன் மரச் சட்டங்கள் சிறு சிறு துண்டுகளை விரல் கோத்தாற்போல் இணைத்துச் செய்யப்பட்டு வருகின்றன. அவை நேராக இருக்கும். சீவிய வேலையும் துப்புரவாக இருக்கும். ஆனால் சில காலம் சென்றபின் அவ்விணைப்புக் கோடுகள் வர்ணத்தினூடே மெல்லிய தழும்புபோல் தெரிவதுண்டு. கணு உள்ள இடத்தில் பிசின் கசிந்து வர்ணத்தை மஞ்சளாக்குவதும் உண்டு. கணுக்களின்மேல் அரக்குப் பூச்சை இருமுறை இடுதல் வேண்டும். கறையானுக்கு அது இனிய உணவு என்பதால், கறையான் நடமாட்டம் உள்ள ஊர்களில் நிலத்தோடு ஒட்டிய பகுதிகளுக்கு அதை விலக்குவதே நலம்.

மரநாரையும் பசையையும் வெப்பத்தால் அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகையைப் பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. அதன் முகம் கண்ணாடிபோல் வழுவழுப்பானது. ரேகையில்லை, கணுவில்லை, முறுக்குமில்லை. வர்ணக்காரர் அதை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் அதன் வெட்டுமுகம் கடற்பஞ்சு போன்றது. வர்ணத்தைக் குடித்துக்கொண்டேயிருக்கும்; நீர் பட்டால் வீங்கும்; வீங்கியது மீண்டும் வற்றித் தன் பழைய வடிவத்தை அடையாது. நிலம் கழுவும் வழக்கமுள்ள நம் வீடுகளில், அடித்தட்டின் விளிம்பில் அதை வைப்பது ஆபத்து. மேலே, உலர்ந்த இடத்தில், வெட்டுமுகத்தை எண்ணெய் சார்ந்த முதற்பூச்சினால் நன்கு அடைத்துப் பயன்படுத்தலாம். நீர் சார்ந்த முதற்பூச்சு அதன் நார்களை எழுப்பிச் சொரசொரப்பாக்கிவிடும். சிப்பலகை இன்னும் தாழ்ந்தது. அதன் விளிம்பில் ஆணியும் திருகாணியும் நில்லா. ஒட்டுப்பலகை உறுதியானது, ஆயினும் அதன் விளிம்பில் அடுக்குகள் தெரியும், உள்ளே சிறு பொந்துகளும் இருக்கும். புட்டி இட்டு மறைப்பதினும் மரச்சட்டம் ஒட்டி மறைப்பதே நெடுநாள் நிற்கும்.

பிளாத்திக்கு நாடாவைச் சூடாக்கி ஒட்டுவதும் இன்று வழக்கில் உள்ளது. அது வர்ணம் பூசாத, தொழிற்சாலையில் முகம் ஒட்டிய பலகைக்கு ஏற்றது. அதன்மேல் வர்ணம் எளிதிற் பிடிப்பதில்லை. நகம் பட்டாலே உரிந்துவிடும். வெயில் படும் சுவரில் ஒட்டுப் பசை இளகி நாடா கழன்றுவிடுவதும் உண்டு. அலுமினியச் சட்டமோ கடற்காற்றில் வெண்மையாகப் பொரிந்துபோகும். அதற்கென அமைந்த தனி முதற்பூச்சு இல்லாமல் வர்ணம் அதில் தங்காது. ஆக, வர்ணம் பூசும் அலுமாரிக்கு மரமே சிறந்தது. மரத்துள்ளும் வளவு வேம்பும், பதப்படுத்திய இறப்பர் மரமும், கிடைத்தால் பலாவும் முன்நிற்பன.

எந்த மரமாயினும் அது உலர்ந்திருத்தல் தலையாயது. மரம் உயிர்நீங்கிய பின்னும் மூச்சுவிடுவதுபோல் ஈரத்தை ஏற்றும் இறக்கியும் கொண்டேயிருக்கும். மாரியில் அகலும்; கோடையில் ஒடுங்கும். இவ்வசைவு ரேகைக்குக் குறுக்கேதான் நிகழும். ரேகை ஓடும் நீளத்தில் கண்ணுக்குத் தெரியுமளவு நிகழாது. நம் கரையோரப் பகுதிகளில், வீட்டினுள் வைத்த மரத்தின் ஈரம் அதன் உலர்நிறையில் 12 முதல் 15 வீதம் வரையில் வந்து நிலைக்கும். அதனிலும் ஈரமான மரத்தைப் பொருத்தினால், பின்னர் அது ஒடுங்கி மூலைகள் வாய்திறக்கும். வர்ணம் கோடு கோடாய் வெடிக்கும். ஈரமானி இல்லாத வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். சட்டத்திலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை எழுதி, வீட்டினுள்ளே காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் வைத்து மீண்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை குறைந்திருந்தால் மரம் இன்னும் காயவில்லை என்பது பொருள். பொறுத்திருப்பதே வழி.

இனித் தட்டின் தொய்வைப் பார்ப்போம். புத்தகங்களை நிறைத்து அடுக்கினால் ஓரடி நீளத்துக்கு ஏறத்தாழ 10 கிலோகிராம் பாரம் ஏறும். 3 அடித் தட்டு ஒன்று 30 கிலோகிராமைத் தாங்கவேண்டும். அதுவும் ஒரு நாளைக்கன்று, ஆண்டு முழுவதும். இங்கே ஒரு கணக்கு உண்டு. அடிக்கு அடி பாரம் மாறாதிருக்க, தாங்கல்களுக்கு இடைப்பட்ட நீளம் இரட்டித்தால் தொய்வு 16 மடங்காகிறது. தடிப்பை இரட்டித்தால் தொய்வு எட்டிலொன்றாகக் குறைகிறது. ஆகவே தட்டின் நீளத்தை 3 அடிக்குமேல் விடாதிருப்பதே முதற்பாதுகாப்பு. அடுத்த பாதுகாப்பு விளிம்புச் சட்டம். 12 அங்குல அகலமும் முக்கால் அங்குலத் தடிப்புமுள்ள தட்டின் முன்விளிம்பில், முக்கால் அங்குலத் தடிப்பும் ஒன்றரை அங்குல உயரமும் உள்ள சட்டத்தை, மேல்மட்டம் ஒத்து, எஞ்சிய உயரம் கீழ்நோக்கி நிற்குமாறு ஒட்டினால், தட்டின் விறைப்பு ஏறத்தாழ இருமடங்காகும். தட்டு எம்.டி.எப். ஆயின், மரம் அதைவிட விறைப்பானதாகையால், பயன் இன்னும் கூடும். ஆனால் சட்டம் முழுநீளமும் பசையால் ஒட்டியிருத்தல் வேண்டும். ஆணியை மட்டும் நம்பி அறைந்த சட்டம் அழகுக்கு உதவுமேயன்றிப் பாரத்துக்கு அவ்வளவாக உதவாது.

செலவைப் பற்றி வீட்டுக்காரர்கள் கவலைப்படுவது இயல்பு. கடன் எடுத்து வீடு கட்டும் உத்தியோகத்தர் ஒருவர், "தட்டுக்கு நல்ல பலகை எடுத்துவிட்டோமே, விளிம்புக்கு மலிவான சிப்பலகைத் துண்டைப் போட்டால் என்ன? வர்ணம் மறைத்துவிடும் அல்லவா?" என்று ஓடாவியாரைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அனுபவம் உள்ள ஓடாவியார் சுண்ணக்கட்டியை எடுத்துச் சுவரிலேயே கணக்குப் போட்டுக் காட்டுவார். "ஐயா, 3 அடித் தட்டு ஐந்து. விளிம்புக்கு 15 அடி. சுற்றுச் சட்டம் இரு பக்கமும் ஏழேழு அடி, மேலே 3 அடி, ஆக 17. மொத்தம் 32 அடி. ஒன்றரை அங்குலத்துக்கு முக்கால் அங்குலச் சட்டம் 32 அடி என்றால் எவ்வளவு மரம்? கன அடியில் கால்வாசி! சேதாரத்தோடு சேர்த்தாலும் மூன்றிலொன்று. இதில் நல்ல மரத்துக்கும் கூடாத மரத்துக்கும் உள்ள விலை வித்தியாசம் உங்களுடைய பூட்டின் விலைக்கும் வராது. ஆனால், உங்கள் பிள்ளை காலை வைத்து ஏறுவதும், பெட்டி வந்து இடிபடுவதும் இந்தக் கால் கன அடியில்தான்."

கணக்குப் பிழையற்றது. அலுமாரியின் மொத்த மரத்தில் மிகச் சிறிய பங்காகிய சட்டமே மிகுந்த அடியைத் தாங்குகிறது. அங்கே மிச்சம் பிடிப்பது, மழைக்காலத்துக்குக் குடை வாங்கிக் கம்பியில் மிச்சம் பிடிப்பது போலாகும். அவ்வாறே, கால் கன அடிதானே என்று முதிரைக்குத் தாவுவதும் வேண்டாம். வேம்பு செய்யும் வேலையை வேம்புக்கே விட்டுவிடுதல் தகும்.

சட்டத்தின் வடிவமும் எண்ணிப்பார்க்க வேண்டியதே. பழைய வீடுகளின் கதவு நிலைகளில் காணும் பல வரிச் சித்திர வேலை அழகியதுதான். ஆனால் வர்ணம் பூசிய தட்டின் விளிம்பில் ஆழமான வரிகள் வெட்டினால், சோழகக் காற்று வீசும் மாதங்களில் புழுதி முழுவதும் அங்கே குடியேறும். தட்டையான முகமே துடைப்பதற்கு எளிது. எனினும் கூரிய முனை கூடாது. வர்ணம் காயும்போது கூர்முனையைவிட்டு விலகி அங்கே மெல்லியதாகிறது. முதலில் தேய்ந்து மரம் தெரிவதும் அவ்விடமே. மணற்றாளால் முனையைச் சற்றே உருட்டிவிட்டால் பூச்சு சம தடிப்பாக நிற்கும். குழந்தைகளின் நெற்றிக்கும் அது பாதுகாப்பு.

பொருத்தும் முறையில் சில ஒழுங்குகள் உண்டு. சட்டத்தைப் பொருத்துமுன்பே அதன் நான்கு பக்கத்துக்கும், இரு வெட்டுமுகங்களுக்கும் முதற்பூச்சு இடவேண்டும். பசை படும் முகத்தை மட்டும் விட்டுவிடலாம். சுவரை நோக்கும் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாததால் பலர் அதை வெறுமையாக விடுகின்றனர். சுண்ணச் சுவரின் ஈரம் ஏறுவது அப்பக்கமாகவே. முன்பக்கம் அடைபட்டு, பின்பக்கம் மட்டும் ஈரம் குடிக்கும் சட்டம் வில்லாக வளையாமல் வேறென்ன செய்யும்?

தட்டின் விளிம்புச் சட்டம் பக்கச் சட்டத்தைச் சந்திக்கும் இடத்தில், பக்கச் சட்டம் இரண்டு மூன்று மில்லிமீற்றர் முன்தள்ளி நிற்குமாறு செய்வது தேர்ந்தவர் வழக்கம். இரண்டும் ஒரே மட்டமாயின், மயிரிழை வேறுபாடும் கண்ணை உறுத்தும். சிறிது முன்பின் இருந்தால் நிழல் விழுந்து வேறுபாட்டை மறைத்துவிடும். மூலைகளில் 45 பாகையில் சாய்த்து வெட்டிய இணைப்பு புதிதில் அழகாயினும், மரம் ஒடுங்கும்போது உட்பக்கம் பிளந்து காட்டும். வர்ணம் பூசும் வேலையில் நேர்வெட்டு இணைப்பே நம்பகமானது. முழுமரத் தட்டின் முன்விளிம்பில் ஒட்டிய சட்டத்தின் ரேகை தட்டின் ரேகையோடு ஒரே திசையில் ஓடுவதால் இரண்டும் சேர்ந்தே அசையும். தட்டின் தலைப்பகுதியில், ரேகைக்குக் குறுக்கே சட்டம் ஒட்டவேண்டி நேர்ந்தால், நடுவில் மட்டும் பசையிட்டு, மற்ற இடங்களைத் திருகாணியால் சற்று அசையவிடுதல் வேண்டும். இல்லையேல் தட்டு வெடிக்கும்.

மெல்லிய சட்டத்தில் ஆணி அறையுமுன் ஆணியினும் ஒடுங்கிய துளை இடுக. அறைந்த ஆணியின் தலையைச் சிறிது உள்ளே தாழ்த்தி, அக்குழியிற் புட்டி இடுக. ஆனால் முதற்பூச்சுக்குப் பின்னரே புட்டி. பச்சை மரத்தில் எண்ணெய்ப் புட்டியை இட்டால், மரம் எண்ணெயை உறிஞ்ச, புட்டி வறண்டு உதிர்ந்துவிடும். சுவரோரத்தில் சட்டம் சரியாக அமரவேண்டுமாயின், சுவரை நேராக்க முயல்வதைவிடச் சட்டத்தைச் சுவருக்கு இணக்குவதே எளிது. சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி, கவராயத்தின் ஒரு காலைச் சுவரில் ஓட்ட, மறுகால் சுவரின் மேடுபள்ளத்தைச் சட்டத்தின்மீது வரைந்துவிடும். அக்கோட்டின் வழியே சீவினால் போதும். எஞ்சும் மயிரிழை இடைவெளிக்கு வர்ணம் ஏற்கும் அக்கிரிலிக்கு நிரப்பியை இடலாம். சிலிக்கன் இட்டால் வர்ணம் அதில் ஒட்டாது.

பழைய வீட்டைத் திருத்துவோர் ஒரு பெரும் ஆபத்தை அறிந்திருத்தல் வேண்டும். முற்காலத்து எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. இலங்கையில் வர்ணங்களில் இருக்கக்கூடிய ஈயத்தின் அளவுக்குச் சட்டவரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 ஆம் ஆண்டிலேயே. அதற்கு முன் பூசிய அலுமாரியை உலர்ந்தபடியே மணற்றாளால் தேய்த்தால், எழும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். அத்தூசி நிலத்தில் படியும். தவழும் குழந்தையின் கைவழி வாய்க்குச் செல்லும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். அக்குறையைப் பின்னர் எந்தப் பாடசாலையும் எந்த ஆசிரியரும் முற்றாக ஈடுசெய்தல் இயலாது. ஆகவே பழைய வர்ணம் உறுதியாகப் பற்றியிருந்தால் அதை அப்படியே விட்டு, மேலே பூசுவது நன்று. தேய்த்தே ஆகவேண்டுமாயின் நீர் தொட்டுத் தேய்க்க; சுவாசக் கவசம் அணிக; தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து அகற்றுக; கருவுற்ற பெண்களையும் சிறுவர்களையும் வேலை முடியும்வரை வேறிடத்தில் இருக்கச் செய்க. பழைய விளிம்புச் சட்டத்தைத் தேய்ப்பதைவிடக் கழற்றிப் புதிது பொருத்துவதே பல வேளைகளில் எளிதும் பாதுகாப்பும் ஆகும். கழற்றியதை அடுப்பில் எரித்தல் கூடவே கூடாது.

வர்ணம் பூசுவதற்கு ஏற்ற காலம் மழை ஓய்ந்த உலர்நாட்கள். ஈரக்காற்றில் எனாமல் மங்கி மூடம்போடும். புழுதி பறக்கும் வேளையையும் தவிர்க்கவேண்டும். ஒரு தடித்த பூச்சைவிட இரு மெல்லிய பூச்சுகள் மேலானவை. தொட்டால் ஒட்டவில்லை என்பதனால் வர்ணம் முற்றிவிட்டதென்று எண்ணலாகாது. நீர் சார்ந்த வர்ணம் முழுவன்மை அடைய இரண்டு மூன்று வாரம் செல்லும். அதற்குமுன் புத்தகத்தை அடுக்கினால் அட்டை தட்டோடு ஒட்டி, எடுக்கும்போது வர்ணத்தையும் கிழித்துக்கொண்டு வரும். வீடு குடிபுகும் நாளைக் குறிக்கும்போதே இவ்வாரங்களையும் கணக்கிற் சேர்த்தல் நலம்.

வேலை முடிந்தபின்னும் காவல் முடிவதில்லை. அலுமாரியின் அடி நிலத்திற் படாமல், 3 அல்லது 4 அங்குல உயரச் சீமெந்துத் திட்டின்மேல் நிற்கட்டும். கதவின் மேலும் கீழும் காற்றுப்போக வழி இருக்கட்டும். அடைபட்ட இருளும் ஈரமும் பூஞ்சணத்தின் தாய்வீடு. மாரி தொடங்குமுன் ஒருமுறையும், முடிந்தபின் ஒருமுறையும் விளிம்புச் சட்டத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கவேண்டும். வெறும்பானை ஒலி கேட்டால், உள்ளே கறையான் இருக்கிறது. வர்ணம் ஒரு தோல்போல் நிற்க, உள்ளே மரத்தை முற்றாகத் தின்றுவிடும் வல்லமை அதற்கு உண்டு. காணி உறுதியை எடுக்கப் போய்க் கைநிறைய மண்ணை எடுத்த குடும்பங்களின் கதை நம் ஊர்களிற் புதிதன்று.

வர்ணத்தின் கீழே மறைவதைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள் என்ற எண்ணமே கைவேலையைக் கெடுக்கும் முதற் பகை. வர்ணம் மரத்தின் நிறத்தை மறைக்கும்; அதன் ஈரத்தையும் உளுப்பையும் மறைக்க அதனால் இயலாது. மூன்று மாரி கழியுமுன் அவை தாமாகவே வெளிப்படும். ஆதலின் மரக்காலைக்குச் செல்வோர் மூன்று கேள்விகளை மறவாமல் கேட்க: இந்த மரம் எங்கே வளர்ந்தது? பதப்படுத்தியதா? எத்தனை நாள் காய்ந்தது? மூன்றுக்கும் தெளிவான மறுமொழி கிடைக்கும் சட்டத்தை வாங்கி, பின்பக்கத்துக்கும் வர்ணம் பூசுமாறு ஓடாவியாரிடம் சொன்னால், அந்த அலுமாரி பிள்ளைகளின் புத்தகங்களைச் சுமந்து, அவர்கள் பிள்ளைகளின் புத்தகங்களையும் சுமக்கும்.